பக்கத்துப் பாய் மதினி

ஆபரேஷன் முடிந்து ராமக்காளைப் பாயில் கொண்டுவந்து கிடத்தியபோது, அவளுடைய இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அறுத்தது வலது கண்ணைத்தான். ஆனால் ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையும். இரண்டையும் கட்டிப்போட்டால்தான் தையல் பிரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. திரும்பக் கூடாது, இருமக் கூடாது. வெற்றிலை மெல்லவே கூடாது. தாடை அசைந்தால் கண்ணும் அதிருமாம்.

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை அது. திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்த நேரம் பார்த்து இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு வகுப்பறைகளில் கோரைப் பாய்களை வரிசையாக விரித்திருந்தார்கள். ராமக்காளுக்குத் துணைக்கு வர ஆள் இல்லை. புருஷன் அழகுமலை செத்து வெகுகாலம் ஆகிறது. மகன் சின்னான் கோயம்புத்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போனவன், போனவன்தான். கண்ணில் புரை முற்றி, நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போன பிறகு, நடவுக்கும் களையெடுப்புக்கும் அவளைக் கூப்பிடுவதை ஊரில் நிறுத்திவிட்டார்கள். குடிசையில் ஒற்றையாகக் கிடந்தவளை முகாம் வண்டிக்காரர்கள் வந்து ஏற்றிக்கொண்டார்கள்.

கட்டுக்குள் ஒரே இருட்டு. வலி விட்டு விட்டு வந்தது. அவள் லேசாக முனகியிருக்க வேண்டும்.

"யாரு மதினி பக்கத்துல? ரொம்ப வலிக்குதா?" என்று இடது பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ராமக்காளுக்கு அந்தக் குரலைத் தெரியும். அது வரப்பின் மேலிருந்து வருகிற குரல். "நெருக்கி நடுங்கடி, காலையில சோறு திங்கலையா" என்று வருஷக்கணக்காக அவள் முதுகின் மேல் விழுந்த குரல். அவளுடைய ஊர் மேலத்தெருவில் பெரிய வீட்டுக்காரி முத்துத்தாய். கண்மாய்க்குக் கீழே அவர்கள் வயல்களில்தான் ராமக்காள் பாதி ஆயுசைக் குனிந்தே கழித்திருந்தாள். தாகம் என்றால் முத்துத்தாய் வரப்பில் நின்றபடி செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். ராமக்காள் கீழே நின்று இரண்டு கைகளையும் குவித்துக் குடிப்பாள். அப்படியே பழகிப்போனதால் முத்துத்தாயின் கால்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். முகம் அவ்வளவாகத் தெரியாது.

எழுந்து நிற்க வேண்டும் என்று உடம்பு தானாக முயன்றது. மணல் மூட்டை தடுத்தது.

"லேசாத்தான் வலிக்குது," என்றாள். 'ஆத்தா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கும் அப்படித்தான். ஊசி குத்துற மாதிரி இருக்கு. மதினிக்கு எந்த ஊரு?"

"பெறந்தது சோழவந்தான் பக்கம்."

"வெத்தல ஊரா? கொடிக்கால் உண்டோ?"

"கொடிக்கால்லதான் வளந்தேன்."

அதில் பொய் இல்லை. அவளுடைய அப்பனும் அம்மாவும் அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலைக் கொடிகளுக்குத் தண்ணீர் இறைத்தவர்கள். முத்துத்தாய் மேற்கொண்டு கேட்கவில்லை. கொடிக்கால் என்றதுமே தன் சொந்தபந்தங்களுக்கு நடுவில் ஓர் இடம் ஒதுக்கி ராமக்காளை அங்கே உட்கார வைத்துவிட்டாள். பேரைக் கேட்டபோதும் ராமக்காள் பயப்படாமல் சொன்னாள். அந்தப் பேர் முத்துத்தாய்க்குத் தெரியாது. ஊரில் அவள் அழகுமலை பொண்டாட்டி. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. குரலும் தெரியாது. 'சரி ஆத்தா' என்பதைத் தவிர அந்தக் குரலில் முத்துத்தாய் வேறு எதையும் கேட்டதில்லை.

கண் கட்டியவர்களுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். கஞ்சி வந்தால் காலை, ரொட்டியும் பாலும் வந்தால் சாயங்காலம். நடுவில் கிடக்கிற நேரத்தை எல்லாம் பேச்சால்தான் தள்ள வேண்டியிருந்தது. முத்துத்தாய் நிறையப் பேசினாள். வரப்புக் குரலுக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. இது படுத்துக் கிடக்கிற, தணிந்த குரல்.

"எங்க வீட்ல ஆளுக்குக் கொறச்சல் இல்ல மதினி. ஆனா எனக்குக் கண்ணு மங்குன பெறகு எங்கிட்டப் பேசுறதையும் கொறச்சுப்புட்டாக. காதும் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டாக போல. மருமக வந்து தட்டை வப்பா. சத்தத்தை வச்சுத்தான் சோறு வந்துருச்சுன்னு கண்டுபிடிக்கணும்."

"எனக்குத் தட்டு வைக்கவும் ஆளு இல்ல," என்றாள் ராமக்காள்.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ராமக்காள் அந்த வார்த்தையை வெகுநேரம் மனதில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மருந்து விட வந்த நர்சு செல்லக்கிளியை முத்துத்தாய் விடாமல் பிடித்துக்கொண்டாள். "ஏன் தாயி, கண்ணுக்குள்ளருந்து எதையோ எடுத்தாச்சுங்கிறீக. என்னத்த எடுத்தீக? எடுத்துப்புட்டா எப்படிப் பாக்குறது?"

செல்லக்கிளி சிரித்துக்கொண்டே போய், பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து மரத்தில் செய்த பெரிய கண் ஒன்றைக் கொண்டுவந்தாள். பாடம் நடத்துவதற்கு வைத்திருந்தது. துண்டு துண்டாகக் கழற்றலாம். கண் தெரியாதவர்களுக்குக் கையால்தானே காட்ட வேண்டும்? முதலில் முத்துத்தாயின் கையில் கொடுத்தாள்.

"முன்னாடி மேடா வழவழன்னு இருக்கா? அதுதான் கருவிழி. பேருதான் கருவிழி, உண்மையில தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். கடிகாரத்து மேல கண்ணாடி இருக்குல்ல, அது மாதிரி மூடி. அதுக்குப் பின்னால கறுப்பா வளையமா இருக்கிறதுதான் வெளிய தெரியுது. வளையத்துக்கு நடுவுல விரலை விடுங்க."

"ஓட்டையால்ல இருக்கு."

"அதுதான் கண்மணி. வெளிச்சம் அதிகமானா சின்னதாயிரும், இருட்டானா பெருசாயிரும்."

"கண்மணிங்கிறது வெறும் ஓட்டையா?" என்றாள் முத்துத்தாய். "கேட்டியா மதினி, பெத்த பிள்ளைய இம்புட்டு நாளா ஓட்டையே, ஓட்டையேன்னு கொஞ்சியிருக்கேன்."

ராமக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் விட்டுவிடும் என்று செல்லக்கிளி அதட்டினாள். பிறகு மரக்கண்ணைத் திறந்து, உள்ளிருந்து ஒரு வில்லையை எடுத்து முத்துத்தாயின் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். "இதைத்தான் எடுத்தோம். நெசத்துல அவரை விதை அளவுதான் இருக்கும். வெளிய இருந்து வர்ற வெளிச்சத்தை ஒண்ணாக் குவிச்சுப் பின்னால அனுப்புறது இதுதான். வயசானா பால் மாதிரி வெளுத்துருது. அதான் புரை. இது இல்லாததால எல்லாம் மங்கலாத்தான் தெரியும். ஒன்றரை மாசம் கழிச்சுச் சோடாப்புட்டி மாதிரி கண்ணாடி தருவாக. உள்ள இருந்த வேலையை அது வெளிய இருந்து பாக்கும். பக்கத்துல இருக்கிறவுககிட்டக் குடுங்க."

முத்துத்தாய் வில்லையைப் பிடித்த கையை இருட்டில் நீட்டினாள். ராமக்காளும் நீட்டினாள். இரண்டு கைகளும் முதலில் தப்பித் தப்பிப் போயின. பிறகு முத்துத்தாயின் விரல்கள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, வில்லையை அதில் வைத்து மூடின. மூடிய பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

"கையி இப்படிக் காச்சுப்போயிருக்கே. கொடிக்கால்ல நீயும் எறங்கி வேல பாப்பியோ?"

"பாக்காம முடியுமா?"

"பாடுபட்ட கை," என்றாள் முத்துத்தாய் மரியாதையோடு.

செல்லக்கிளி இன்னும் சொன்னாள். வில்லை அனுப்புகிற வெளிச்சம் கண்ணின் பின்சுவரில், விழித்திரையில் போய் விழுமாம். அதுவும் தலைகீழாகத்தான் விழுமாம். அங்கிருந்து ஒரு நரம்பு மூளைக்குக் கொண்டுபோக, மூளைதான் எல்லாவற்றையும் நிமிர்த்திக்கொள்ளுமாம்.

"அப்ப கண்ணுக்கு மேல யாரு, கீழ யாருன்னு தெரியாதா?" என்று கேட்டாள் ராமக்காள்.

"தெரியாது. அதெல்லாம் மூளை வேல."

ராமக்காள் கையிலிருந்த வில்லையைத் தலைகீழாகத் திருப்பித் தடவிப் பார்த்தாள்.

முத்துத்தாயின் மகன் கருத்தக்கண்ணன் பார்க்க வந்த அன்றுதான் ராமக்காளுக்கு உயிரே போய்விட்டது. செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. அவள் சேலைத் தலைப்பை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டாள். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் பாதி முகம் கட்டுக்குள்ளும் மீதி சேலைக்குள்ளும் கிடந்தது. அவனும் அம்மாவிடம் அதிகம் பேசவில்லை. "சாப்பாடு போடுறாகளா? சரி, வாரேன்," என்று கிளம்பிவிட்டான்.

"எம் மகன்தான்," என்றாள் முத்துத்தாய், செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகு. "வேலை சாஸ்தி."

அன்று முழுக்க ராமக்காளுக்குச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. 'நான்தான் அழகுமலை பொண்டாட்டி' என்று ஒரு வார்த்தை. சொன்னால் அடுத்த பாயில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். முத்துத்தாய் திட்டமாட்டாள். நர்சைக் கூப்பிட்டுப் பாயை மாற்றிப் போடச் சொல்வாள், அவ்வளவுதான். 'மதினி' என்று கூப்பிட ஆளே இல்லாமல் போய்விடும். இந்த வயதில் முதல்முறையாகக் கிடைத்த மதினி. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கட்டு அவிழ்த்த நாளில் வெளிச்சம் குபுகுபுவென்று உள்ளே வந்தது. ஆனால் உருவம் எதுவும் நிற்கவில்லை. கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டு மேலே பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. நிறங்கள் மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தன. நீலம் அத்தனை நீலமாக இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிவப்பாக ஒரு சேலை. மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல்.

"நீதான் அந்த மஞ்சச் சேலையா?" என்றது மங்கல்.

"ஆமா."

"மூஞ்சி தெரியலயே மதினி." முத்துத்தாய் கைநீட்டி அவளுடைய தோளைத் தொட்டாள். "பரவாயில்ல. கண்ணாடி குடுக்கிற அன்னிக்கு வந்துரு. கண்ணாடியப் போட்டதும் ஒன் மொகத்தைத்தான் மொதல்ல பாக்கணும்னு இருக்கேன். வருவியா?"

"வாரேன்," என்றாள் ராமக்காள்.

கண்ணுக்கு மேல் பச்சைத்துணி கட்டி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். ராமக்காளை முகாம் வண்டி கொண்டுபோய்ச் சாவடியில் இறக்கிவிட்டது. முத்துத்தாயை மகன் வந்து கூட்டிப்போனான். இரண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் போனார்கள்.

அந்த ஒன்றரை மாதத்தில் ராமக்காள் மேலத்தெருப் பக்கமே போகவில்லை. குடிசையில் படுத்திருக்கும்போது பழக்கதோஷத்தில் இடது பக்கம் திரும்பி ஏதாவது சொல்ல வாயெடுப்பாள். மண்சுவர் இருக்கும். போக வேண்டாம், கண்ணாடியை வேறொரு நாள் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று பலமுறை முடிவு செய்தாள். சொன்ன நாளில் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தூரத்தில் நின்று மதினியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மதுரையில் கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணுச்சாமி என்ற ஊழியர் ஒவ்வொருவருக்கும் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, சரியானதைக் காதில் மாட்டிவிட்டார். ராமக்காளின் முறை சீக்கிரமே வந்தது.

"எப்படி இருக்கு, தெரியுதா?"

அவள் முதலில் தன் கைகளைத்தான் பார்த்தாள். கைகள் பெரிதாக, முகத்துக்கு மிக அருகில் வந்திருந்தன. ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது.

"தெரியுது சாமி. எல்லாம் கிட்டக்க வந்துருச்சு."

"அப்படித்தான் இருக்கும். படிக்கட்டுல பாத்துக் காலை வையுங்க. கண்ணு ஏமாத்தும்."

சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முத்துத்தாய் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்ன முகம். மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சம். வரப்பில் நின்ற ஆத்தா மலை மாதிரி இருப்பாள் என்று நினைத்திருந்தவளுக்கு, ஆள் இம்புட்டுத்தானா என்று இருந்தது. கருத்தக்கண்ணன் அம்மாவை வரிசையில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போனான்.

கண்ணாடியை மாட்டியதும் முத்துத்தாய் கேட்ட முதல் கேள்வி, "ராமக்காள்னு ஒருத்தி வந்தாளா?" என்பதுதான்.

"வந்து வாங்கியாச்சே. இங்கதான் எங்கயாச்சும் இருப்பாக," என்றார் கண்ணுச்சாமி.

முத்துத்தாய் கூடத்தில் இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நீ சோழவந்தானா மதினி?" என்று சிலரிடம் கேட்டாள். "நான் அலங்காநல்லூரு. கண்ணாடி போட்டும் ஆளு தெரியலையா ஒங்களுக்கு?" என்று ஒருத்தி கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். முத்துத்தாயும் சிரித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் ஊதிப் பெருத்து, குழந்தையின் கண்கள் போல இருந்தன. அந்தக் கண்கள் கடைசியில் ராமக்காளிடம் வந்து நின்றன.

ராமக்காளின் உடம்பு அவளைக் கேட்காமலேயே பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டது.

"அடி, நீ அழகுமலை பொண்டாட்டியில்ல?" என்றாள் முத்துத்தாய். அது வரப்புக் குரல். "நீயும் கண்ணு பாத்துக்கிட்டியா? நல்லது. இங்க சோழவந்தான்காரி ஒருத்தி, கொடிக்கால் வீட்டுக்காரி, கண்டியா?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ராமக்காள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

முத்துத்தாய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ராமக்காள் தரையில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் முத்துத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். கூடம் காலியாகி, கண்ணுச்சாமியும் சாப்பிடப் போய்விட்டார். பழகாத கண்ணாடியால் முத்துத்தாயின் கண்ணில் நீர் வடிந்தது. அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்துட்டுப் போவம்னு தோணல பாரு அவளுக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடி இல்லாத அந்த முகத்தை ராமக்காள் கீழேயிருந்து பார்த்தாள். இப்போது அந்தக் கண்களில் எதுவும் குவியாது. வெளிச்சமும் நிறமும் மட்டும்தான் போய் விழும்.

"மதினி," என்றாள்.

முத்துத்தாயின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கடி போயிருந்த? எம்புட்டு நேரமாத் தேடுறேன்."

"இங்கனதான் இருந்தேன். கண்ணு வலிக்குதா?"

"நீர் வடியுது. ஒனக்கு?"

"எனக்கும்தான். எல்லாம் கிட்டக்க வந்து பயமுறுத்துது."

"எங்க வீட்ல இப்பவும் யாரும் பேசுறதில்ல மதினி. கண்ணு வந்துருச்சு, இனிமே தானாப் பாத்துக்குவான்னு விட்டுட்டாக," என்று முத்துத்தாய் சிரித்தாள். சிரித்தபடியே அவள் கை மடியில் கிடந்த கண்ணாடியைத் தேடியது. "இரு, ஒன் மூஞ்சியப் பாப்பம்."

"வேணாம் மதினி."

கை நின்றது. "ஏன்?"

 முத்துத்தாய் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினாள். குரல் பெஞ்சிலிருந்து வரவில்லை, காலடியிலிருந்து வந்திருந்தது. அங்கே சற்று முன்பு யார் உட்கார்ந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மலர்ந்திருந்த முகம் மெல்ல மெல்ல அடங்கியது. அதில் கோபம் வரவில்லை. இல்லாத படியில் காலை வைத்துவிட்டவள் போல அவள் திகைத்துப் போனாள். அத்தனையும் புதுக் கண்ணாடி வழியாக ராமக்காளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

தணிந்த குரலில் முத்துத்தாய் கேட்டாள்: "அப்பவே தெரியுமா?"

"நீங்க வலிக்குதான்னு கேட்டப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"மதினின்னு கூப்பிட்டுட்டீகளே."

 முத்துத்தாய் கண்ணாடியின் காம்பை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவள் கை மடியைவிட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியது. தொடப்போகிறாள் என்று ராமக்காள் நினைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கை மடிக்குத் திரும்பியது.

"போவமா ஆத்தா?" என்றபடி கருத்தக்கண்ணன் வந்தான். தரையில் இருந்தவளைப் பார்த்து, "நம்ம அழகுமலை பொண்டாட்டியா?" என்றான். பிறகு அம்மாவிடம், "யாரோ மதினி வருவாகன்னு சொன்னியே, வந்தாகளா?" என்று கேட்டான்.

முத்துத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மாட்டும்போது வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தா," என்றாள். "போயிட்டா."

மகன் முன்னால் நடந்தான். வாசல்படியில் இறங்கும்போது படி கிட்டத்தில் தெரிந்து ஏமாற்ற, முத்துத்தாயின் கால் தடுமாறியது. பிடித்துக்கொள்ள எதையாவது தேடி அவளுடைய இடது கை பக்கத்தில் நீண்டது. ராமக்காள் பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் கருத்தக்கண்ணன் திரும்பி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

ராமக்காள் அவர்கள் தெருவைத் தாண்டி, பஸ்களுக்கு நடுவில் புகுந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துத்தாய் அன்றும் கட்டியிருந்த சிவப்புச் சேலையின் கரையில் இருந்த சின்னச் சின்னப் புள்ளிகள்கூட அவ்வளவு தூரத்திலும் தெரிந்தன. பிறகு கூடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.